ஆர்ஆர் 310: ரேஸ்ல கத்துக்கிட்டது நம்ம வண்டிக்கு நிஜமாவே வருதா? எதை முதல்ல மாத்தணும்?

சத்துவாச்சாரி_310
எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2018 டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, சிவப்பு. 2021ல ராணிப்பேட்டைல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹாண்ட்ல வாங்குனேன், இப்ப 41 ஆயிரம் கிமீ ஆயிடுச்சு. புது மாடலுக்கு மாத்த இப்போதைக்கு வசதி கிடையாது, ஆனா கையில 45 ஆயிரம் ரூபா சேர்த்து வச்சிருக்கேன், அதை முழுசா வண்டிக்கே போடணும்னு தான் சேர்த்தேன்.

போன மாசம் முதல் தடவையா சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே போனேன், அதாவது நம்ம வண்டியையே ட்ராக்ல ஓட்ட விடுற நாள். நம்ம வேலூர்ல இருந்து நேரா ஹைவே, விடியக்காலைல நாலு மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள்ள போயாச்சு. ரெண்டு லேப் சொர்க்கம். நாலாவது லேப்ல கை வலி, அஞ்சாவது லேப்ல மெயின் ஸ்ட்ரெயிட் முடியுற இடத்துல ப்ரேக் புடிக்கிறேன், லிவர் பஞ்சு மாதிரி உள்ள போகுது. நெஞ்சு அப்படியே நின்னு போச்சு. எப்படியோ பம்ப் பண்ணி வெளிய வந்துட்டேன். முதல்ல 2:21 வந்த லேப் டைம் ஆறாவது லேப்ல 2:29.

கூட இருக்குற பசங்க ஃபுல் எக்ஸாஸ்ட் (சைலன்சர் செட்), ஏர் ஃபில்டர், ஈசியூ மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்) மூணையும் போட்டுடு, வண்டி பறக்கும்ங்குறாங்க. எனக்கு ஒரே கேள்வி தான். கம்பெனிக்காரங்க ரேஸ்ல கத்துக்கிட்டதை ரோட்டு வண்டிக்குக் கொண்டு வர்றோம்னு சொல்றாங்களே, அது உண்மைன்னா அவங்க எதை முதல்ல மாத்துனாங்க? அதையே நானும் என் வண்டில பண்ணலாம் இல்ல?

வாலாஜா_வளைவு
ப்ரோ யோசிக்கவே வேணாம், எக்ஸாஸ்ட் முதல்ல. சத்தம் மாறுனாலே வண்டி மாறிடும், என் ஃப்ரெண்டு போட்டிருக்கான், 4-5 கிலோ எடை வேற குறையுதுன்னு சொன்னான்.

ஸ்பானர்_காட்பாடி
தம்பி, நல்ல கேள்வி கேட்ட. நான் ஷெட் வைக்கிறதுக்கு முன்னாடி ஆறு சீசன் ஒரு தனியார் டீம்ல மெக்கானிக்கா இருந்தவன், அந்த இருங்காட்டுக்கோட்டை பிட் லேன்ல, அதான் ட்ராக் பக்கத்துல வண்டி சரி பண்ற இடத்துல, நான் படுத்துத் தூங்குன நாளு எவ்ளோன்னு கணக்கே கெடையாது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

நீ கேட்ட கேள்விக்கு பதில் உன் வண்டி வரலாறுலயே கீது. வண்டி வந்தது 2017 டிசம்பர். 312.2 சிசி, பவர் 34 பிஎஸ். அதுக்கப்புறம் என்னென்ன மாத்துனாங்கன்னு வரிசையா பாரு. 2019ல ஸ்லிப்பர் க்ளட்ச். 2020ல ரைட் பை வயர் (கேபிளுக்கு பதிலா கம்ப்யூட்டர் த்ராட்டிலைத் திறக்குறது), நாலு ரைடிங் மோடு, டயர் மிச்சலின் ரோட் 5. 2021ல பில்ட் டு ஆர்டர்னு, நாம கேக்குற மாதிரி செஞ்சு தர்றதைக் கொண்டாந்து, டைனமிக் கிட்ல முழுசா அட்ஜஸ்ட் பண்ற கேஒய்பி கம்பெனி சஸ்பென்ஷன், ரேஸ் கிட்ல இன்னும் குனிஞ்சு ஓட்டுற ஹேண்டில், தூக்கி வச்ச ஃபுட்ரெஸ்ட். 2024 செப்டம்பர்ல தான் இன்ஜின்ல கை வச்சு, காத்து உள்ள போற ஏர்பாக்ஸைப் பெருசாக்கி, பிஸ்டன் எடையைக் குறைச்சு 38 பிஎஸ் ஆக்குனாங்க.

கிட்டத்தட்ட ஏழு வருஷம்பா. 1982ல இருந்து ரேஸ் ஓட்டிக்கினு இருக்குற டிவிஎஸ் டீம் அது, ஜெகன் குமார் மாதிரி நேஷனல் சாம்பியன்ஷிப்பை பல தடவை அடிச்ச ஆளுங்க ஓட்டுன டீம். அவங்களுக்கு பவர் ஏத்தத் தெரியாதா? ட்ராக்ல ஓடுற வண்டில எப்பவோ ஏத்திட்டாங்க. ஆனா விக்கிற வண்டில முதல்ல க்ளட்ச், அப்புறம் த்ராட்டில், டயர், அப்புறம் சஸ்பென்ஷன், உக்கார்ற விதம், கடைசியா தான் பவர்.

இது ஏன்னு பிட்ல நின்னவனுக்குத் தெரியும். ரைடர் உள்ள வந்ததும் முதல் வார்த்தை "பவர் பத்தல"ன்னு வராது. "பின்னாடி குதிக்குது", "முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியல", "கை மரத்துப் போச்சு", இதான் வரும். இதெல்லாம் சரி பண்ணாலே லேப் டைம் தானா எறங்கும்.

இன்னொரு விஷயம், நம்ம ஊருக்காரங்க இதை யோசிச்சுப் பாக்குறதே இல்ல. வண்டி செய்றது ஓசூர்ல. ஓட்டிப் பாக்குறது இருங்காட்டுக்கோட்டைல. ரெண்டுக்கும் நடுவுல கெடக்குறது நம்ம வேலூர். அந்த ஹைவேல வண்டி ஏத்துன லாரி நம்மளைத் தாண்டித் தான் போகுது, வருது.

கோட்டைவாசல்
அண்ணா சொன்னதுல பாதி ஒத்துக்குறேன், பாதி ஒத்துக்க முடியல. நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில க்வாலிட்டில இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்துச்சு. அதுக்கு இன்ஜினுக்குள்ள போற பெட்ரோலையும் காத்தையும் ரொம்ப துல்லியமா கட்டுப்படுத்தியாகணும். ரைட் பை வயர் வந்ததுல பாதி காரணம் அதான், ரேஸ் மட்டும் இல்ல. பவர் ஏத்தாம இருந்ததுக்கும் புகை விதி, செலவு, வாரண்டி எல்லாம் காரணம். ரேஸ் இன்ஜினை சீசன்ல எத்தனை தடவை பிரிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். விக்கிற வண்டி இன்ஜினைப் பிரிக்காம பல்லாயிரம் கிமீ ஓடணும், அதுவும் மே மாசம் வேலூர் வெயில்ல, காட்பாடி மேம்பாலத்து ட்ராஃபிக்ல நின்னுக்கிட்டு. அதனால "ரேஸ்ல கத்துக்கிட்டாங்க, அதனால வரிசையா இப்படி வந்துச்சு"ன்னு ஒரே கோட்டுல இழுக்குறது எனக்கு சரியாப் படல.

ஸ்பானர்_காட்பாடி
கோட்டைவாசல் சார், பிஎஸ்6 விஷயம் நீங்க சொல்றது நியாயம், அதை நான் விட்டுட்டேன், ஒத்துக்குறேன். ஆனா ஸ்லிப்பர் க்ளட்ச் 2019, பிஎஸ்6க்கு முன்னாடி. அதுக்கு எந்த விதியும் கட்டாயப்படுத்தல. அது சுத்தமா ட்ராக் சமாச்சாரம், ஏன்னு சொல்றேன்.

அது 300 சிசிக்கு மேல ஒரே சிலிண்டர். பெரிய பிஸ்டன் ஒண்ணே ஒண்ணு. அஞ்சாவது கியர்ல இருந்து டக்கு டக்குன்னு ரெண்டாவதுக்கு எறக்குனா இன்ஜின் பின்னாடி வீலைப் பிடிச்சு இழுக்கும். அதே நேரம் முன் ப்ரேக் போட்டதுல பின்னாடி எடையே இருக்காது. டயர் தத்தித் தத்தி ரோட்டைத் தொடும், பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும். ஸ்லிப்பர் க்ளட்ச் உள்ள சரிவா வெட்டுன ரேம்ப் இருக்கும், வீல்ல இருந்து திருப்பி வர்ற விசை அதிகமானா அந்த சரிவுல ஏறி ப்ளேட்டை லேசா விலக்கிடும். நாம லிவரைப் பாதி பிடிச்ச மாதிரி, ஆனா அதுவே பிடிச்சுக்கும். இது இல்லாத காலத்துல ரைடருங்க அதை விரல்லயே செஞ்சாங்க, ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு லேப்புக்கும். பத்தாவது லேப்ல விரல் களைச்சுப் போனப்புறம் ஒரு தடவை தப்பும், அந்த ஒரு தடவை போதும் வண்டி கிராவல்ல கெடக்க.

நைட்ஷிஃப்ட்_அக்கா
இதுல நானும் ஒண்ணு சேர்க்குறேன். நான் ஆஸ்பத்திரில நர்ஸ், என் வண்டி ஆர்15 வி3, 155 சிசி, அதுலயும் அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் க்ளட்ச் தான். ஸ்லிப்பர் பத்தி அண்ணா சொல்லிட்டாரு, அந்த "அசிஸ்ட்" பத்தி யாரும் பேசறதில்ல. அதே ரேம்ப் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்போது ப்ளேட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அதனால ஸ்ப்ரிங் லேசா வச்சாலே போதும், நம்ம கைக்கு லிவர் பூ மாதிரி இருக்கும். நைட் டியூட்டி முடிஞ்சு காலைல எட்டு மணிக்கு கிரீன் சர்க்கிளைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது எத்தனை தடவை க்ளட்ச் பிடிக்கணும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ரேஸுக்காக செஞ்ச ஒரு பொருள், பன்னெண்டு மணி நேரம் நின்ன ஒருத்தியோட கைக்கு நிம்மதி குடுக்குது. இதை நான் தினமும் அனுபவிக்கிறேன், சும்மா விளம்பரம்னு என்னால சொல்லவே முடியாது.

தம்பி, உன் கை வலி பத்தி. எனக்கும் முதல் ட்ரெயினிங்ல ரெண்டு மணிக்கட்டும் வீங்கிடுச்சு. அங்க சொல்லிக் குடுத்தவர் ஹேண்டிலைத் தொடவே இல்ல, என் முட்டியைத் தான் தட்டுனார். "ப்ரேக் போடும்போது உன் உடம்பு எதுல நிக்குது?"ன்னு கேட்டார். உள்ளங்கைல நின்னுச்சு. தொடையால டேங்கை இறுக்கிப் பிடிச்சா உடம்பு எடை அங்க நிக்கும், கை சும்மா ஸ்டியரிங்குக்கு மட்டும். அப்புறம் டேங்க் ரெண்டு பக்கமும் ரப்பர் க்ரிப் ஒட்டுனேன், லிவர் ரெண்டையும் கொஞ்சம் கீழ திருப்பி முன்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி வச்சேன். லிவர் திருப்ப செலவு ஒரு ரூபா கூட இல்ல, ஒரு ஆலன் கீ போதும்.

சத்துவாச்சாரி_310
அக்கா ரொம்ப நன்றி, லிவரை இன்னைக்கு ராத்திரியே பாக்குறேன், அது எனக்கு மேல தூக்கிட்டு தான் இருக்கு, வாங்குனப்ப இருந்தபடியே விட்டுட்டேன்.

அண்ணா, ப்ரேக் விஷயம் தான் எனக்கு பயமா இருக்கு. ட்ராக் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆன்லைன்ல விலை கம்மியா ஒரு ப்ரேக் பேட் வாங்கிப் போட்டேன். அதுதான் காரணமா?

ஸ்பானர்_காட்பாடி
முதல்ல ஒண்ணு சொல்லு. லிவர் ஹேண்டில் வரைக்கும் வந்துச்சா, இல்ல லிவர் கெட்டியா நின்னும் வண்டி நிக்கலையா? ரெண்டும் வேற வேற வியாதி.

சத்துவாச்சாரி_310
ஹேண்டில் வரைக்கும் வந்துச்சுண்ணா. ரெண்டு தடவை பம்ப் பண்ணதும் கொஞ்சம் ஏறுச்சு.

ஸ்பானர்_காட்பாடி
அப்ப பேட் இல்ல, ப்ரேக் ஆயில் கொதிச்சிருக்கு. பேட் சூடாகி தேஞ்சு வழுக்குனா லிவர் கல்லு மாதிரி நிக்கும், வண்டி மட்டும் நிக்காது. உனக்கு லிவரே உள்ள போயிடுச்சு, அதாவது பேடை அமுக்குற காலிப்பர்ல ஆயில் கொதிச்சு ஆவி ஆயிடுச்சு. ஆயிலை அமுக்க முடியாது, அதனால தான் அது ப்ரேக்கைத் தள்ளுது. ஆவியை அமுக்கலாம், நீ அமுக்குனது அதைத்தான்.

ஹேண்டில்ல இருக்குற மாஸ்டர் சிலிண்டர் (ப்ரேக் ஆயில்) டப்பா கண்ணாடில பாரு, ஆயில் என்ன கலர்ல கீது? புதுசா ஊத்துனப்ப தேன் தண்ணி கலந்த மாதிரி வெளிறி இருக்கும். கருப்பட்டிக் காப்பி கலர்ல இருந்தா அது எத்தனை வருஷம்னு நீயே கேட்டுக்கோ. டாட் 4 ரக ப்ரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு கணக்கு. காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுனப்புறம் அந்தக் கணக்கு 155க்கு வந்துடும். 75 டிகிரி வித்தியாசம்பா. ரோட்டுல நீ ஆம்பூர் போய் பிரியாணி சாப்ட்டு திரும்புற வரைக்கும் இது தெரியவே தெரியாது. ட்ராக்ல அஞ்சே லேப்ல தெரிஞ்சுடும். ரேஸ் டீம்ல ஒவ்வொரு வீக்எண்டுக்கும் ஆயில் மாத்துறது இதுக்குத் தான். ரோட்டு வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும்.

அந்த பேட்டையும் கழட்டிடு. பேக்கெட்ல பேரும் இல்ல, எண்ணும் இல்லன்னா அது என்ன சரக்குன்னு யாருக்கும் தெரியாது, உன் உயிரு அதுல தொங்குது.

சத்துவாச்சாரி_310
இப்ப தான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். கருப்பட்டிக் காப்பியே தான். வாங்குன நாள்ல இருந்து மாத்தவே இல்ல.

ஆம்பூர்_தோல்
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் பைக்கைப் பத்தி பெருசா பேச ஆள் இல்ல, ஆனா ரைடிங் சூட், க்ளவுஸ் வெட்டுற வேலைல பதினெட்டு வருஷம். எங்ககிட்ட ட்ராக்ல விழுந்தது, தேஞ்சதுன்னு ரிப்பேருக்கு சூட் வரும். நீங்க பேசுறதை நான் தோல்ல பாக்குறேன்.

ஒரு சூட்டை மேஜைல விரிச்சா அந்த ரைடரோட வண்டி எப்படி செட் பண்ணிருக்குன்னு கொஞ்சம் சொல்லிடலாம். உள்தொடைல தோல் மினுமினுன்னு பாலிஷ் போட்ட மாதிரி இருந்தா அவர் டேங்கைப் பிடிச்சு ஓட்டுறவர். அங்க ஒண்ணும் இல்லாம உள்ளங்கைல மட்டும் தையல் பிரிஞ்சு வந்தா கையால தொங்குறவர். நம்ம தம்பி க்ளவுஸைத் திருப்பிப் பாருங்க, கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல தோல் சுருங்கிப் போயிருக்கும். பூட் முனை ஒரு பக்கம் மட்டும் உரசித் தேஞ்சிருந்தா ஃபுட்ரெஸ்ட் அவருக்குத் தாழ்வா இருக்கு, சாயும்போது கால் ரோட்டைத் தொடுது. அந்த ரேஸ் கிட்ல ஃபுட்ரெஸ்ட் தூக்கி வச்சாங்கன்னு அண்ணா சொன்னாரே, அது எங்க மேஜைல பல வருஷம் முன்னாடியே எழுதியிருந்த விஷயம்.

சாயும்போது ரோட்டுல உரச முட்டில ஒட்டுற ஸ்லைடரும் அப்படித்தான், எந்தப் பக்க வளைவு ஜாஸ்தியோ அந்தப் பக்கம் முதல்ல தேயும். ஒரு பக்கம் தேஞ்சு மறுபக்கம் புதுசாவே இருக்குறதும் வரும், அந்த ரைடர் ஒரு பக்கம் தான் நம்பி சாயுறாருன்னு அர்த்தம்.

ஸ்பானர்_காட்பாடி
பாய், இதை இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு சொன்னதில்ல. பிட்ல நாங்க டயரைத் தான் படிப்போம். சூட்டைப் படிக்கணும்னு தோணவே இல்ல. பெரிய விஷயம் சொன்னீங்க.

கோட்டைவாசல்
பாய் சொன்னது என்னை யோசிக்க வச்சுடுச்சு. நான் முதல்ல சொன்னதுல இருந்து கொஞ்சம் எறங்கி வர்றேன், ஆனா என் பக்கத்துல இருந்தே ஒரு விஷயத்தைக் காட்டி.

பெரிய வண்டிங்களைப் பாருங்க. உலக பைக் ரேஸான மோட்டோஜிபில யமஹா தன் எம்1 ரேஸ் வண்டில க்ராஸ்ப்ளேன் க்ராங்க் வச்சது 2004ல. விக்கிற ஆர்1க்கு அது வந்தது 2009ல. அஞ்சு வருஷம். அந்த க்ராங்க் பவர் ஏத்துறதுக்காக இல்ல, பின் டயர்ல எவ்ளோ பிடிப்பு இருக்குன்னு ரைடரோட வலது கைக்குத் துல்லியமாத் தெரியணும்னு. நாலு பிஸ்டனும் ஒரே நேரத்துல நின்னு கிளம்பாம 90 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கறதால, பிஸ்டனும் க்ராங்க்கும் தன் எடையாலயே உண்டாக்குற முறுக்கு ஏற்ற இறக்கம் குறைஞ்சு, த்ராட்டில் திறந்ததுக்கு டயர் என்ன பதில் சொல்லுதோ அது மட்டும் கைக்கு வரும்.

டுகாட்டி இன்னும் சுவாரசியம். ரொம்ப நாளா அவங்க அடையாளமே பின் வீலைத் தாங்குற ஒத்தைக் கை ஸ்விங் ஆர்ம், பாக்கவே அவ்ளோ அழகு. 2025 பானிகாலே வி4ல அதைத் தூக்கிட்டு ரெண்டு கை ஸ்விங் ஆர்ம் வச்சாங்க, அதுவும் பக்கவாட்டுல வளையுற மாதிரி விறைப்பை வேணும்னே குறைச்சு. எங்க வேலைல விறைப்பு ஜாஸ்தின்னா நல்லதுன்னு தான் கத்துக் குடுப்பாங்க. ஆனா வண்டி முழுசா சாஞ்சு கெடக்கும்போது முன்னாடி ஃபோர்க், பின்னாடி ஷாக் ரெண்டும் ரோட்டு மேடு பள்ளத்தை வாங்க முடியாத கோணத்துல இருக்கு, அப்ப அந்த வேலையை ஃப்ரேமும் ஸ்விங் ஆர்மும் லேசா வளைஞ்சு செய்யணும். இது எந்த ஆராய்ச்சிக் கூடத்துலயும் முதல்ல தோணியிருக்காது. வண்டியை சாய்ச்சு வச்சுக்கிட்டு ஒருத்தர் "டயர் தத்துது"ன்னு சொல்லியிருந்தா தான் தோணும். அழகை விட்டுக் குடுக்க வச்சது அந்தப் புகார் தான்னு நான் நம்புறேன்.

அதனால விதியும் செலவும் எப்ப வரும்ங்குறதை முடிவு பண்ணுது, ரேஸ் எது வரணும்ங்குறதை முடிவு பண்ணுது. இதுக்கு மேல நான் எறங்க மாட்டேன்.

ஸ்பானர்_காட்பாடி
சார், அதுவே போதும், கை குடுங்க. இன்னொண்ணு, ரைட் பை வயரை விதிக்காகவே வச்சாலும், அது வந்தப்புறம் தான் மோடு எல்லாம் சாத்தியம் ஆச்சு. ரெயின், அர்பன் மோடுல 25.8 பிஎஸ்க்கு எறக்குறது கேபிள் த்ராட்டில்ல சுலபமா நடக்காத காரியம். அப்புறம் வந்த, க்ளட்ச் பிடிக்காமயே கியரை மேலயும் கீழயும் மாத்துற க்விக் ஷிஃப்டர், கீழ எறக்கும்போது இன்ஜினைத் தானா ஒரு உறுமு உறுமணும், அதுக்கும் த்ராட்டிலைக் கம்ப்யூட்டர் திறக்கணும். ஒரு கதவு திறந்தா அடுத்த ரூமுக்குப் போற மாதிரி.

வாலாஜா_வளைவு
அண்ணா அப்ப விங்லெட், அந்த முன்பக்கத்து சின்ன றெக்கை? புது ஆர்ஆர்ல இருக்கே, சத்துவாச்சாரி ப்ரோ அதை வாங்கி ஒட்டிக்கலாமா? பழைய வண்டிக்கு கிடைக்குது.

கோட்டைவாசல்
தம்பி, விங்லெட் நல்ல பொருள் தான், மோட்டோஜிபில 2015ல டுகாட்டி அதைப் பெருசாக் கொண்டு வந்தப்புறம் எல்லாரும் ஓடி வந்தாங்க. 2017ல நீட்டிக்கிட்டு நிக்கிறதைத் தடை பண்ணதும் அதையே வண்டியை மூடுற ஃபேரிங்குக்குள்ள மடிச்சு வச்சாங்க. 2024 ஆர்ஆர்ல அது 3 கிலோ வரைக்கும் கீழ அழுத்துதுன்னு கம்பெனி சொல்லுது. ஆனா காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் பாதி ஆச்சுன்னா அழுத்தம் கால்வாசி. ரோட்டுல நீ போற வேகத்துல அது கிராம் கணக்கு. அதுவும் கம்பெனி வச்சது அந்த ஃபேரிங்கோட சேர்த்து காத்து சுரங்கத்துல பாத்து வச்சது. கடைல விக்கிறதை டபுள் டேப் போட்டு ஒட்டுனா எந்தக் கோணத்துல நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் கழண்டா இன்னும் ஆபத்து.

வாலாஜா_வளைவு
சரி சார் புரிஞ்சுது. எக்ஸாஸ்டும் அப்படித்தானா?

ஸ்பானர்_காட்பாடி
எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாத்துனா இன்ஜினுக்குள்ள காத்துக் கணக்கு மாறும், அதுக்கு ஏத்த மாதிரி மேப்பை பவர் அளக்குற டைனோ மெஷின்ல வச்சு சரி பண்ணலன்னா அதிக ஆர்பிஎம்ல ரெண்டு குதிரை பவர் ஏறி, கம்மி ஆர்பிஎம்ல நாலு குதிரை எறங்கும். என் ஷெட்டுக்கு அப்படி வந்த வண்டி நெறைய, 4 ஆயிரம் ஆர்பிஎம்ல இருமிக்கினு வரும், பழைய சைலன்சரைத் திருப்பி மாட்டிக் குடுத்திருக்கேன். எக்ஸாஸ்ட் தப்பே இல்ல, அது கடைசி வேலை. உன் வயசுல நானும் சத்தத்துக்குத் தான் மயங்குனேன், அதுல தப்பு சொல்ல மாட்டேன்.

சத்துவாச்சாரி தம்பி, உன் 45 ஆயிரத்துக்கு என் கணக்கு இதான். ப்ரேக் ஆயில், நல்ல பேட், இது முதல். டயர் ரெண்டும், முன்னாடி 110/70, பின்னாடி 150/60, பதினேழு இன்ச் ரேடியல், இதுக்கே பாதி காசு கிட்ட போயிடும், போகட்டும், ரோட்டைத் தொடுறது அது ஒண்ணு தான். ஃபோர்க் ஆயில் 41 ஆயிரம் கிமீல செத்துப் போயிருக்கும், அதை மாத்தி, உன் எடைக்கு ஏத்த ஸ்ப்ரிங் தானான்னு பாக்கலாம். உன் வண்டி ஃபோர்க்ல திருக ஒண்ணும் கெடையாது, பின்னாடி ப்ரீலோடு (ஸ்ப்ரிங் இறுக்கம்) மட்டும் இருக்கு, அதை வச்சு சாக், அதாவது ஆள் உக்காந்தா வண்டி எவ்ளோ எறங்குதுன்னு செட் பண்ணலாம், நீ ரைடிங் சூட் எல்லாம் போட்டு உக்காந்தா ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் எறங்கணும். அதுக்கு மூணு பேர் வேணும், ஒருத்தர் வண்டியைப் பிடிக்க, ஒருத்தர் அளக்க, நீ மேல உக்கார.

அப்புறம் செயின். இது யாரும் சொல்லித் தர மாட்டாங்க, நான் ஒரு ரேஸ் வண்டியைத் தொலைச்சுக் கத்துக்கிட்டது. செயின் எப்பவும் ஒரே இறுக்கத்துல இருக்காது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில், இந்த மூணும் ஒரே நேர்கோட்டுக்கு வர்ற இடத்துல தான் செயின் உச்ச இறுக்கம். சைட் ஸ்டாண்ட்ல நிக்கும்போது கையால ஆட்டிப் பாத்து கரெக்டா இருக்குன்னு விட்டா, வளைவு வெளிய த்ராட்டில் குடுத்து பின்பக்கம் அமுங்கும்போது செயின் விறைச்சுக்கும், சஸ்பென்ஷன் அதுக்கு மேல எறங்காது, டயர் தத்தும். ரைடர் ஷாக் சரியில்லன்னு தான் நினைப்பான். ரெண்டு நாள் நாங்க ஷாக்கையே திருகிக்கினு இருந்தோம், மூணாவது நாள் ரேஸ்ல வண்டி அந்தப் பையனைத் தூக்கி அடிச்சுடுச்சு. தோள்பட்டை எலும்பு உடைஞ்சுச்சு. குத்தம் செயின்ல. அன்னைல இருந்து பெல்ட் போட்டு பின்பக்கத்தை அமுக்கி, மூணு புள்ளியும் நேரா வர வச்சு, அங்க கொஞ்சமாவது தளர்வு இருக்கான்னு பாக்காம நான் எந்த வண்டியையும் வெளிய விடுறதில்ல, ஸ்கூட்டர் தவிர.

ஞாயிறு ஷெட்டுக்கு வா.

நைட்ஷிஃப்ட்_அக்கா
அண்ணா என் வண்டியையும் ஒரு நாள் அப்படிப் பாருங்க, நானும் வர்றேன்.

சத்துவாச்சாரி_310
அஞ்சு வாரம் கழிச்சு திரும்ப எழுதுறேன், எல்லாரும் மன்னிக்கணும், மாச கடைசி வேலை.

அண்ணா ஷெட்ல ரெண்டு ஞாயிறு வேலை நடந்துச்சு. ஃபோர்க் ஆயில் வெளிய வந்தப்ப கருப்பா, மீன் நாத்தம் அடிச்சுச்சு. செயினை அந்த மாதிரி அமுக்கிப் பாத்தப்ப கம்பி மாதிரி விறைச்சு நின்னுச்சு, நான் இத்தனை நாள் அப்படியே ஓட்டிருக்கேன்னு நினைச்சாலே உடம்பு சிலிர்க்குது. பின் ப்ரீலோடு ரெண்டு க்ளிக் ஏத்துனோம். பாய் சொன்ன மாதிரி க்ளவுஸைத் திருப்பிப் பாத்தேன், அவர் சொன்ன அதே இடத்துல தோல் சுருங்கிருக்கு.

டயரைப் பழக்க ஏலகிரி போனேன், 14 வளைவையும் மெதுவா, அவசரமே இல்லாம, மேல ஏறும்போது பாரி, காரின்னு போர்டு படிச்சுக்கிட்டே. வித்தியாசம் அங்கயே தெரிஞ்சுச்சு. முன்னாடி கல்லு ஏறுனா முன்னெல்லாம் ஹேண்டில் துள்ளும், இப்ப "டொக்"குனு ஒரு தடவை சொல்லிட்டு அடங்கிடுது.

போன சனிக்கிழமை திரும்ப இருங்காட்டுக்கோட்டை. எட்டு லேப். 2:17, 2:16, 2:15, 2:16, 2:16, 2:15, 2:17, 2:16. இன்ஜின்ல ஒரு போல்ட் கூட தொடல. எட்டாவது லேப்லயும் லிவர் முதல் லேப்ல இருந்த அதே இடத்துல கெட்டியா நிக்குது. கை வலிக்கவே இல்ல, தொடை தான் நல்லா வலிச்சுச்சு, அக்கா அதுதான் சரின்னு சொன்னாங்க. கையில இன்னும் 9 ஆயிரம் மிச்சம் இருக்கு.

ஆம்பூர்_தோல்
மாஷா அல்லாஹ். உள்தொடைல பாலிஷ் ஏறட்டும் தம்பி.

வாலாஜா_வளைவு
ப்ரோ அந்த எட்டு டைமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க, செம. என் வண்டி ப்ரேக் ஆயிலையும் இப்ப போய் பாத்தேன், கலர் சரியில்ல. நாளைக்கு மாத்துறேன்.

ஸ்பானர்_காட்பாடி
சந்தோஷம்பா. மிச்ச 9 ஆயிரத்தைத் தொடாத, அடுத்த ட்ராக் டே ஃபீஸ் அது. உள்ள வந்ததும் டயர் காத்து எவ்ளோ இருந்துச்சு? ஹாட்ல, டயர் சூடா இருக்கும்போதே அளந்தியா? அப்புறம் பின் டயர் ஓரத்தைக் கிட்டத்துல போட்டோ எடுத்துப் போடு.

சத்துவாச்சாரி_310
கோல்டுல, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி, பின்னாடி 31 பிஎஸ்ஐ வச்சேன், உள்ள வந்ததும் அளந்தப்ப 36 காட்டுச்சுண்ணா. போட்டோ போட்டிருக்கேன். ஓரத்துல ரப்பர் சின்னச் சின்ன உருண்டையா சுருண்டிருக்கு, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைல கொஞ்சம் நீலம் பூத்த மாதிரி இருக்கு.

ஸ்பானர்_காட்பாடி
5 ஏறியிருக்கு, ஹாட்ல 36 ட்ராக்குக்கு ஜாஸ்தி. அடுத்த தடவை கோல்டுல 29ல ஆரம்பி, ஒவ்வொரு செஷன் முடிஞ்சும் அளந்து நோட்டுல எழுது. ஃபோர்க் எவ்ளோ அமுங்குதுன்னு காட்ட நான் கட்டி விட்ட டேக் எங்க நிக்குதோ அதைத் தொடாம அப்படியே வண்டியைக் கொண்டா, எவ்ளோ எறங்கியிருக்குன்னு ஞாயித்துக்கிழமை ஸ்கேல் வச்சுப் பாத்துடலாம்.